பழைய அமெரிக்க நிக்கல் காசுகள் கிடைத்தால் அவற்றின் மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், கையில் பழைய டூத் பிரஷ் இருந்தால் கீழே வையுங்கள். கேள்வியைப் படித்ததும் நீங்கள் அதோடு உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றியது. கப்பலில் வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததோ, என்னைப் போல பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததோ, காசு அழுக்கோடு அப்படியே இருக்கட்டும்.

நான் நாணய நிபுணன் இல்லை. "இவர் யார் இதைச் சொல்ல" என்று யாராவது கமெண்டில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல காசைக் கெடுத்தவன், அவ்வளவுதான் என் தகுதி.

அமெரிக்காவில், கொலம்பஸில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போனார். இத்தனை வருடம் அவர் வாசலில் பனி அள்ளியதற்காக ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய ஐந்து சென்ட் காசு, அதாவது நிக்கல், கொடுத்தார். (பெரும்பாலும் அள்ளியது என் மனைவி. அதை விடுங்கள்.) மேலே எல்லாம் ஜனாதிபதி ஜெபர்சன் தலை போட்ட சாதாரண காசு. அடியில் முப்பது நாற்பது பஃபலோ நிக்கல்கள், ஒரு பக்கம் செவ்விந்தியர் தலை, மறுபக்கம் காட்டெருமை. 1913 முதல் 1938 வரை அடித்தவை. இதில் வருடத்தை மேடான இடத்தில் பொறித்துவிட்டார்கள், அதனால் கைமாறக் கைமாற அதுதான் முதலில் தேயும். என்னிடம் இருந்ததில் முக்கால்வாசிக்கு வருடமே இல்லை. அப்படிப்பட்ட காசுக்கு ஒரு டாலர் கிடைத்தாலே பெரிது.

வருடம் தெரிந்த ஒன்றில் 1926 என்று இருந்தது. திருப்பினால், எருமையின் காலுக்குக் கீழே, 'ஃபைவ் சென்ட்ஸ்' என்பதற்கு அடியில் கடுகு போல ஒரு 'எஸ்'. சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது என்று அர்த்தம். 'டி' என்றால் டென்வர், எழுத்தே இல்லாவிட்டால் ஃபிலடெல்பியா. அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததே 9,70,000 தான். பஃபலோ வரிசையில் 10 லட்சத்துக்குக் கீழே போனது அது ஒன்றுதான். என் காசில் எருமைக் கொம்பின் நுனி மட்டும் தேய்ந்திருந்தது. கொம்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இதற்குத் தரம் போடுவார்களாம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அதற்கு முன்பே ஒரு வெள்ளிக்கிழமை, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். "இதுவும் கறுத்துக் கெடக்கேடா" என்று நான் பிரித்து வைத்திருந்த காசுகளையும் பாத்திரத்தில் போட்டாள். தடுத்திருக்கலாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்தைத் தேய்த்தேன். அந்த 1926 நான் தேய்த்ததுதான், அம்மா மேல் பழி போட முடியாது.

காசுக் கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, விளக்குக்கு அடியில் காசை இப்படியும் அப்படியும் சாய்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். செவ்விந்தியர் கன்னத்தில் மயிரிழை மாதிரிக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக. "எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்?" என்றார். புளி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மானம் போய்விட்டது. தேய்க்காமல் இருந்தால் நூறு டாலர் கொடுத்திருப்பேன், இப்போது நாற்பது என்றார்.

புளி அப்படி ஒன்றும் செய்யாது என்று வேதியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள். கடைக்காரர் பார்த்தது புளியை அல்ல, தேய்த்த கோடுகளை.

சரி, உங்கள் கேள்வி. பழசு என்பதற்காக மட்டும் விலை வராது. 1883இல் வந்த நிக்கலில் ஐந்தைக் குறிக்கும் 'வி' என்ற ரோமன் எண் மட்டும் இருந்தது, 'சென்ட்ஸ்' என்ற சொல் இல்லை. சில எத்தர்கள் தங்க முலாம் பூசி ஐந்து டாலர் என்று தள்ளிவிட, அதே வருடம் சொல்லைச் சேர்த்தார்கள். முதலில் வந்ததைத்தான் ஊரே எடுத்துப் பத்திரப்படுத்தியது, அதனால் இன்று அது சல்லிசு. அந்த வருடம் சொல் சேர்த்த காசுதான் அதைவிட அரிது. அப்புறம் 1942 கடைசி முதல் 1945 வரை, நிக்கல் உலோகம் போருக்குத் தேவைப்பட்டதால் ஜெபர்சன் காசில் 35 சதவீதம் வெள்ளி கலந்தார்கள். பின்பக்கம் இருக்கும் மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே, அடித்த ஊரின் எழுத்து பெரிதாக இருந்தால் அது வெள்ளிக் காசு. ஒவ்வொன்றிலும் சுமார் 1.75 கிராம் வெள்ளி, குறைந்தது அந்த விலையாவது உண்டு.

ஈபேயில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து வீடு கட்டாதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இதைச் சொல்லித்தான் சொந்தத்தில் எனக்குக் கெட்ட பெயர். பழைய ஐந்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சமாம் என்று பெரியப்பா மகன் வாட்ஸப்பில் போட்டான். வாங்குகிறேன் என்பவன் முதலில் முன்பணம் கேட்பான், கட்டிவிடாதே என்று எழுதினேன். "அமெரிக்கா போயிட்டா எல்லாம் தெரியுமோ" என்றான். அவன் மகள் காதுகுத்துக்கு எனக்கு ஒரு போன்கூட இல்லை. மொய் அனுப்ப அக்கவுன்ட் நம்பர் மட்டும் தவறாமல் வந்தது.

உங்களிடம் பஃபலோ இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். எல்லாரும் தலைப் பக்கத்தை மட்டும் போடுகிறார்கள், எழுத்து இருப்பது எருமைப் பக்கம். துடைக்காமல் எடுங்கள்.