நைட்ராக்ஸை நாமே கலக்கலாமா, கடையில் நிரப்பலாமா?

புதுச்சேரியில் வார இறுதிகளில் ஸ்கூபா டைவ் செய்யும் ஒரு வாசகர், சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடிய சுவாசக் கலவையான நைட்ராக்ஸ் பற்றிக் கேட்கிறார்: "நாங்கள் நான்கு நண்பர்கள். சொந்த டேங்குகள் இருக்கின்றன, பழைய கம்ப்ரசர் ஒன்றும் விலைக்கு வருகிறது. 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸுக்குக் கடையில் காற்றைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வாங்கி வைத்து நாங்களே கலந்தால் என்ன?"

கணக்கை மட்டும் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். காலியான 12 லிட்டர் டேங்கில் முதலில் 28 பார் (பார் என்பது அழுத்த அளவு) ஆக்சிஜன் விட்டு, அதன்மேல் 200 பார் வரை காற்று நிரப்பினால் 32 சதவீதம் வந்துவிடும். அந்த 28 பார் என்பது சுமார் 340 லிட்டர் ஆக்சிஜன். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்றில் பதினைந்து டேங்காவது தேறும். ஆக்சிஜன் பெரிய செலவே இல்லை.

சரி, கடைக்காரர் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்? அந்தக் காசில் பெரும்பகுதி ஆக்சிஜன் பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்கானது. சுத்த ஆக்சிஜன் அழுத்தத்தோடு பாயும் இடத்தில் கொஞ்சம் எண்ணெயோ சாதாரண சிலிக்கோன் கிரீஸோ இருந்தால் போதும். வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு இறுகி உண்டாகும் சூடே தீ மூட்டிவிடும். அதனால் டேங்க், வால்வு, குழாய் எல்லாவற்றையும் ஆக்சிஜனுக்கென்றே கழுவி, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களையும் கிரீஸையும் மாற்ற வேண்டும். நிரப்பும்போதும் ஊசி வால்வு வழியாக, நிமிடத்துக்கு ஐந்து பாரைத் தாண்டாமல் நிரப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, பலர் கோட்டை விடுவது மேலே நிரப்பும் காற்றில்தான். ஐரோப்பியச் சுவாசக் காற்றுத் தரமான இஎன் 12021 ஒரு கன மீட்டரில் 0.5 மில்லிகிராம் எண்ணெய் வரை அனுமதிக்கிறது. ஆக்சிஜனோடு சேரும் காற்றுக்கு 0.1 மில்லிகிராம்தான் வழக்கமான வரம்பு. அதற்குத் தனி ஃபில்டர் வேண்டும். கழுவிய டேங்கை வெளியூரில் ஒருமுறை சாதாரணக் காற்றால் நிரப்பினாலும், மறுபடி கழுவும்வரை அதை ஆக்சிஜன் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

உண்மையில் உங்கள் திட்டத்தில் ஆக்சிஜனைவிட அந்தப் பழைய கம்ப்ரசர்தான் எனக்குக் கவலை. சூடேறிக் கருகும் எண்ணெய் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனை கிடையாது, ஆழத்தில் அதன் பாதிப்பும் கூடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கேஸ் சிலிண்டர் விதிகள், 2016-இன்படி அழுத்த வாயுவைச் சிலிண்டரில் நிரப்ப உரிமம் வேண்டும். வெடிபொருள், அழுத்த வாயு பாதுகாப்பைக் கவனிக்கும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (PESO) என்ற மத்திய அரசு அமைப்பின் பொறுப்பு அது. வாடகை வீட்டு மாடியில் நடக்கிற காரியமில்லை.

இன்னொன்று. நீங்கள் போவது 18 மீட்டர் தளம் என்றால், டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணைப்படி, மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று காத்திருக்கத் தேவையில்லாமல் முதல் டைவுக்குக் காற்றிலேயே 56 நிமிடம் கிடைக்கிறது. பலருக்கு அதற்குள் டேங்கே தீர்ந்துவிடும். 30 மீட்டரில் காற்றில் கிடைக்கும் 20 நிமிடம் நைட்ராக்ஸில் 30 ஆகும்போதும், ஒரே நாளில் மூன்று நான்கு டைவ் செய்யும்போதும்தான் நைட்ராக்ஸின் அருமை தெரியும். எல்லா டைவுக்கும் வாங்குவதை நிறுத்தினாலே பாதிச் செலவு குறைந்துவிடும்.

என் பதில்: 32 சதவீதத்துக்காகக் கலக்க இறங்காதீர்கள். கலக்கக் கற்றுக்கொள்வதில் லாபம் இருப்பது, அதிக ஆழத்துக்கான கலவையில் விலை கூடிய ஹீலியம் வரும்போதுதான். இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் சுமார் 53 மீட்டரில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு 21/35 டிரைமிக்ஸோடு (21 சதவீத ஆக்சிஜன், 35 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன்) போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை 12 லிட்டர் டேங்குக்கு 1,680 லிட்டர் ஹீலியம் ஆகும். மீந்த கலவையை வீணாக்காமல் கணக்குப் போட்டு மறுபடி நிரப்பத் தெரிந்தவருக்கு அங்கே நல்ல மிச்சம். அதற்கும் முறையான பிளெண்டர் (வாயு கலப்பவர்) பயிற்சி கட்டாயம்.

இப்போதைக்கு நால்வரும் சேர்ந்து டேங்கில் எத்தனை சதவீத ஆக்சிஜன் என்று அளக்கும் ஒரு ஆக்சிஜன் அனலைசர் வாங்குங்கள். கடைக்காரர் அளந்து சொன்னாலும் நீங்களே அளங்கள். 32 என்று நம்பி 33 மீட்டருக்கு எடுத்துப்போகும் டேங்கில் 40 இருந்தால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.7 பாரைத் தொடும். 1.4-தான் வழக்கமான எல்லை. அதை மீறினால் தண்ணீருக்குள்ளேயே வலிப்பு வரலாம். அனலைசரின் சென்சார் ஓரிரு வருடத்தில் தேய்ந்துவிடும், மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நைட்ராக்ஸை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று கடையில் கேளுங்கள். மெம்பிரேன் முறை (காற்றிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதியைச் சவ்வால் பிரித்தெடுப்பது) என்றால் சுத்த ஆக்சிஜன் உங்கள் டேங்கைத் தொடுவதே இல்லை. நேரடியாக ஆக்சிஜன் விட்டுக் கலப்பவர் என்றால், உங்கள் டேங்க் ஆக்சிஜனுக்காகக் கழுவப்பட்டதா என்று அவர் கேட்க வேண்டும். கேட்காமலே நிரப்பத் தொடங்கினால் டேங்கை வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள்.