தினமும் பூட் ஆகும்போது டிஸ்க் சோதனை: கோளாறு டிஸ்க்கில் இல்லை

லினக்ஸ் இயங்குதளம் உள்ள உங்கள் கணினி தினமும் காலையில் பூட் ஆகும்போது, அதாவது தொடங்கும்போது, டிஸ்க்கைச் சோதிக்கிறது, டிஸ்க் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். புது ஹார்ட் டிஸ்க் வாங்காதீர்கள். மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். கடையில் சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட்.

‘கடைசியாக மவுண்ட் செய்த நேரம் எதிர்காலத்தில் உள்ளது’ என்று தினமும் காலையில் செய்தி வருகிறது (மவுண்ட் என்றால் டிஸ்க்கைப் பயன்பாட்டுக்கு இணைப்பது), கணினி தொடங்கியதும் முதலில் ஓடும் நிரலான பயாஸில் தேதி 2010 என்று நிற்கிறது என்கிறீர்கள். பேட்டரி தீர்ந்ததால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. நேற்று பதிவான நேரம் அதற்கு எதிர்காலமாகத் தெரியவே, லினக்ஸ் பயந்து டிஸ்க்கைச் சோதிக்கிறது. வைஃபை கிடைத்ததும் நேரம் இணையத்திலிருந்து சரியாகிவிடும். அதனால்தான் பகலில் உங்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். இன்றிரவு கணினியை மட்டும் அணைத்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைக்காமல் ஆனிலேயே விடுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் சிறு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டும். காலையில் செய்தி வராவிட்டால் பேட்டரிதான்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் உள்ள சின்னக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். எழுத்துள்ள பக்கம் மேலே வரட்டும். அதற்கு முன் பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்து வையுங்கள், மாற்றும்போது அமைப்புகள் அழிந்துவிடலாம்.

நேரம் சரியாக ஐந்தரை மணி மட்டும் தள்ளி இருந்தால் அது விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பதால் வருவது, பேட்டரி அல்ல. செய்தியில் படிப்புப் பிழை, செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி) என்று ஏதாவது வந்தால் டிஸ்க்கிலேயே கோளாறு இருக்கலாம், உடனே கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.