வாசகர் கேள்விகள்: வீட்டுக்கு வந்த தேசியக்கொடி

கேள்வி: மொட்டைமாடியில் ஏற்றிய கொடியை மாலையில் இறக்காமல் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கோபித்துக்கொண்டார். அது குற்றமா? (ஒரு வாசகி, திருச்சி)

குற்றமே இல்லை. ஆனால் பெரியவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி, சூரியன் மறையுமுன் இறக்கிவிட வேண்டும் என்பதுதான் விதியாக இருந்தது. 2022 ஜூலையில்தான் அதைத் திருத்தி, பொதுமக்கள் வீட்டிலும் திறந்தவெளியிலும் இரவு பகலாகப் பறக்கவிடலாம் என்றார்கள். இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு, இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 2002 ஜனவரி 26-இல் புதிய கொடி விதிகள் வரும்வரை நம்மைப் போன்றவர்கள் சுதந்திர தினம், குடியரசு தினம் மாதிரி சில நாட்கள் தவிர வீட்டில் கொடி ஏற்றவே முடியாது. நவீன் ஜிண்டால் என்ற தொழிலதிபர் தன் தொழிற்சாலையில் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுக்க, அவர் வழக்குப் போட்டார். கடைசியில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கிய அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. போராடி வாங்கிய உரிமை அது, தைரியமாக ஏற்றுங்கள். காற்றில் கிழிந்தால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள். கிழிந்த கொடி பறக்கக் கூடாது.

கேள்வி: போன ஆகஸ்டில் வாங்கிய கொடி சாயம் போய் ஓரமெல்லாம் நைந்துவிட்டது. குப்பையில் போட மனம் வரவில்லை. (ஒரு வாசகர், மதுரை)

போடவும் கூடாது. பிறர் பார்வையில் படாமல், தனியாக, முழுக் கொடியாகவே மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது என்கிறது விதி. "எரிப்பதா!" என்று பலர் பதறுகிறார்கள். 1971-ஆம் வருடச் சட்டம் மூன்று வருடம் வரை சிறை என்று சொல்வது, ஊரறிய எரித்து, கிழித்து, மிதித்து அவமதிப்பவர்களுக்கு. வீட்டுக் கொல்லையில் நைந்த கொடிக்கு நீங்கள் விடைகொடுப்பது வேறு. பருத்தி, கதர் என்றால் சுலபமாகச் சாம்பலாகிவிடும். 2021 டிசம்பருக்குப் பிறகு பாலியெஸ்டரையும் அனுமதித்துவிட்டார்கள், அது உருகி ஒட்டும், புகையும் கெடுதல். மரியாதையான வேறு வழியையும் விதி ஏற்பதால், அதை ஒழுங்காக மடித்து மண்ணில் புதைத்துவிடலாம் என்பது என் யோசனை. அடுத்த முறை கதராக வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனாலும் கர்நாடகத்து ஹூப்ளிக்குப் பக்கத்தில் பெங்கேரியில் இதற்காகவே தைக்கிறவர்களுக்கு அந்தக் காசு போகட்டும். அப்புறம் ஒன்று, ஆகஸ்ட் 16 காலையில் தெருவோரச் சாக்கடையில் காகிதக் கொடிகள் கிடப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடி கொடுக்கிற ஆசிரியர்கள், வீட்டுக்கு விடுமுன் அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

கேள்வி: திருப்பூர் குமரன் கையில் இருந்தது இன்றைய கொடிதானா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

அப்படியே இல்லை. அவர் தடியடிபட்டு உயிர்விட்டது 1932 ஜனவரியில். காவி, வெள்ளை, பச்சை, நடுவில் இராட்டை என்று காங்கிரஸ் 1931-இல் ஏற்றுக்கொண்ட கொடியின் காலம் அது. 1921-இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் காட்டிய வடிவத்திலிருந்து வளர்ந்து வந்தது. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானம் கொண்டுவந்தபோது இராட்டை போய், 24 ஆரங்கள் உள்ள அசோகச் சக்கரம் வந்தது. காரணம் ரொம்ப எளிமையானது: இராட்டை ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் திரும்பியும் தெரியும், சக்கரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் ஏற்றும் முறையில் வித்தியாசம் உண்டாமே? (ஒரு வாசகி, சேலம்)

உண்டு. ஆகஸ்ட் 15-இல் கொடி கீழிருந்து மேலே ஏறும். ஜனவரி 26-இல் உச்சியில் மடித்துக் கட்டியிருப்பதைக் கயிற்றை இழுத்து விரிப்பார்கள். டெல்லியில் ஆகஸ்ட் 15-இல் ஏற்றுபவர் பிரதமர், ஜனவரி 26-இல் விரிப்பவர் குடியரசுத் தலைவர். மாநிலங்களில் ஒரு காலத்தில் இரண்டு நாளும் ஆளுநரே ஏற்றினார். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வருக்கு சுதந்திர தினத்தில் அந்த உரிமை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் கருணாநிதி. 1974 ஆகஸ்ட் 15-இல் ஜார்ஜ் கோட்டையில் அவர் ஏற்றினார். எல்லா மாநில முதல்வர்களும் இன்று ஏற்றுவது அதனால்தான், இதைப் பாடப்புத்தகத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மூவர்ண கேக் வெட்டலாமா? கொடி போட்ட சட்டை? (ஒரு வாசகர், கோவை)

உங்கள் ஊர் வழக்கேதான்! 2013 கிறிஸ்துமஸ் விழாவில் கோவையில் வெட்டிய மூவர்ண கேக் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2021-இல் நீதிபதி, இதில் அவமதிக்கும் எண்ணம் இல்லை, குற்றமும் இல்லை என்று தீர்த்துவைத்தார். சரியான தீர்ப்பு. உடையில் இடுப்புக்குக் கீழே கொடி கூடாது. கைக்குட்டை, மெத்தை, உள்ளாடையில் அச்சடிக்கவும் கூடாது. கொடியின் மேல் எதையும் எழுதாதீர்கள், கட்சிப் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.