பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஓகர் மாதிரி அரக்கனையே நம் பாத்திரமாக எடுத்து ஆடலாமா? ‘லெவல் அட்ஜஸ்ட்மென்ட்’ என்கிறார்களே, அது என்ன?

ஆடலாம், ஆனால் விலை உண்டு. 2003இல் வந்த 3.5 பதிப்பில் அந்த விலைக்குப் பெயர்தான் லெவல் அட்ஜஸ்ட்மென்ட். ஓகருக்குப் பிறவியிலேயே 4 ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளியைத் தீர்மானிக்கும் பகடைகள்), அட்ஜஸ்ட்மென்ட் +2. ஆக, ஒரு வித்தையும் கற்காத ஓகரே 6ஆம் லெவல் ஆளுக்குச் சமம் என்று கணக்கு.

ஏன் அப்படி? ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் இறக்கிவிடும் அரக்கன் ஒரு சண்டையோடு செத்துப்போகும். உங்கள் கையில் இருப்பதோ அதே பலத்தை மாதக்கணக்கில், சண்டைக்குச் சண்டை காட்டும்.

பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீடு பெரிசுதான், ஆனால் பத்து மாத வாடகை அட்வான்ஸ். கொடுத்துவிட்டுப் பார்த்தால் கட்டில் வாங்கக் காசிருக்காது.

அல்சூரில் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் நண்பன் ஒருவன் ஓகர் எடுத்தான். பலத்துக்கு +10, கேட்கவே மிரட்டல். எதிரி மந்திரவாதி போட்டதோ முதல் லெவல் தூக்க மந்திரம். அது 4 ஹிட் டைஸ் வரைதான் வேலை செய்யும். 6ஆம் லெவல் ஆட்களான நாங்கள் 6 ஹிட் டைஸோடு நின்றுகொண்டிருந்தோம், 4 மட்டுமே உள்ள ஓகர் பகடையில் சறுக்கிக் குறட்டை விட்டது. (என்னைக் கேட்டால், ஓகருக்கு இந்த விலை கொஞ்சம் அதிகம்தான்.)

அட்ஜஸ்ட்மென்ட்டான அந்த +2வைப் பலர் போனஸ் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது செலவுக் கணக்கு: அதனால் உயிர்ப்புள்ளியும் ஏறாது, தாக்கும் திறனும் கூடாது.