வாளுக்குத் தெரியாத கதை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொண்டாடப்பட்ட வீடியோ கேம்களாகத் தேடித்தேடி விளையாடி வருகிறேன். ‘காட் ஆஃப் வார்’ (2018), ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’, கடைசியாக ‘செகிரோ’. எல்லாமே தலைசிறந்த படைப்புகள் என்கிறார்கள். எனக்கோ ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. கதையைத் தனியே எடுத்துப் பார்த்தால் நடுத்தரமான ஒரு சினிமா. சண்டை முதலில் விறுவிறுப்பாக இருக்கிறது, போகப்போக அதே எதிரி, அதே பட்டன். ‘செகிரோ’வில் கதை என்றே ஒன்று இல்லை, செத்துச் செத்துப் பிழைப்பதுதான் இருக்கிறது. பாதியில் விட்டுவிட்டேன். நண்பர்களிடம் சொன்னால், ‘கேமில் போய்க் கதை தேடுவார்களா?’ என்கிறார்கள். குறை என்னிடமா, இந்தக் கேம்களிடமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ரசனையில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதை சரியில்லை, சண்டை சரியில்லை என்று இரண்டு புகார்களை எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே புகார்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் கேம்களில் நல்ல கதை இருக்கிறது, நல்ல சண்டையும் இருக்கிறது. கதையில் என்ன நடக்கிறது என்று சண்டைக்குத் தெரிவதில்லை. அங்கேதான் உங்கள் மனம் விலகுகிறது.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஆர்தர் மோர்கன் காசநோய் கண்டு இளைத்துக்கொண்டே போகிறான். வாழ்ந்த வாழ்க்கையை எண்ணிக் குமைகிறான். அந்த எழுத்தும் குரல் நடிப்பும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அவன் மனம் திறந்து பேசிய சற்று நேரத்தில் அடுத்த மிஷன் தொடங்கும், கும்பல் கும்பலாக ஆட்கள் வருவார்கள், ‘டெட் ஐ’யை அழுத்திக் காலத்தை மெதுவாக்கி ஒவ்வொருவர் தலையிலும் குறி வைத்துச் சுட வேண்டும். குற்றவுணர்வு கொண்ட மனிதனின் துப்பாக்கியும் அதே வேகத்தில்தான் சுடுகிறது, அதே உற்சாகத்தைத்தான் தருகிறது. அவன் மாறிவிட்டான் என்று வசனம் சொல்கிறது. நம் விரல்களுக்கு அது தெரியவே இல்லை. போதாததற்கு, மிஷனுக்குள் வகுத்த வழியை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் தோல்வி என்று அறிவித்துவிடுகிறார்கள். எல்லையற்ற நிலப்பரப்பைக் கட்டியவர்கள், கதை நடக்கும் நேரத்தில் மட்டும் நம்மை நம்ப மறுக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் உற்பத்திக் காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு கட்சீனுக்கு, அதாவது நம் கையில் ஆட்டம் இல்லாமல் சினிமாபோல ஓடும் கதைக்காட்சிக்கு, எழுத்து, நடிப்பு, நடிகர்களின் அசைவைப் பதியும் மோஷன் கேப்சர், ஒளியமைப்பு எல்லாம் வேண்டும். சில நிமிடங்கள் ஓடிவிட்டு அது முடிந்துபோகும், திரும்பப் பயன்படாது. ஒரு எதிரியை உருவாக்கிவிட்டாலோ நிறத்தை மாற்றி, பலத்தைக் கூட்டி, விளையாட்டு முழுக்க நிறுத்தலாம். பல மணி நேர விளையாட்டை நிரப்பியாக வேண்டும் என்கிறபோது எது கைகொடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘காட் ஆஃப் வார்’ விளையாடியவர்கள் பலரும் பூத ட்ரோல்களைப் பற்றிப் புலம்புவது இதனால்தான். பெயர் மாறும், நிறம் மாறும், கையில் அதே கல்தூண், நாயகன் கிரேட்டோஸ் அதைக் கொல்லும் காட்சியும் அதே.

அதே கேமின் தொடக்கத்தில், வீட்டு வாசலுக்கு வந்து வம்பிழுக்கும் அந்நியனோடு நடக்கும் சண்டையை நினைத்துப் பாருங்கள். எத்தனை அடித்தாலும் அவனுக்கு வலிக்காது. வலியை மட்டுமல்ல, எதையுமே உணர முடியாதது அவன் சாபம். அது நமக்கு முதலில் வசனமாக வருவதில்லை, நாம் கொடுக்கும் அடிகள் வீணாவதில் வருகிறது. இறுதியில் அந்தச் சாபம் முறிவதும் சண்டையின் நடுவில்தான். கிரேட்டோஸின் சிறுவயது மகனின் அம்பறாத்தூணி வாரில் செருகியிருந்த அம்புமுனை அவன் கையில் தைக்கிறது, அவன் முதன்முறையாக வலியை உணர்ந்து மகிழ்கிறான். இந்த இரண்டு சண்டைகளையும் எடுத்துவிட்டால் கதை இல்லை. நடுவில் வரும் ட்ரோல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று என்னை உண்மையாகவே கோபப்படுத்துவது. பாஸ் எனப்படும் பெரிய எதிரி ஒருவனோடு மல்லுக்கட்டி, அவன் உயிரளவைக் காட்டும் ஹெல்த் பாரைக் கடைசித் துளி வரை கரைத்து முடிக்கிறோம். உடனே கட்சீன் தொடங்குகிறது. அதில் அந்த பாஸ் எழுந்து நம் நாயகனைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறான். இதைப் பல கேம்கள் செய்கின்றன. கம்பனின் போர்க்களத்தில் ராவணன் படைக்கலம் இழந்து வெறுங்கையோடு நிற்கும்போது, ராமன் இன்று போய் நாளை வா என்கிறான். எதிரி தப்பிப் போவதுதான் அங்கேயும் நடக்கிறது. ஆனால் வென்றவன் வென்றவனாகவே நின்று, வென்றதால் விடுகிறான். அந்த விடுதலையில் இருவரின் முழு உருவமும் தெரிகிறது. கேம்கள் நாம் பெற்ற வெற்றியை நம் கையிலிருந்து பிடுங்கித்தான் வில்லனைக் காப்பாற்றுகின்றன.

கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007இலேயே ‘பயோஷாக்’ என்ற கேமைப் பற்றி எழுதியபோது, விளையாட்டின் விதிகள் ஒன்றைச் சொல்கின்றன, கதை வேறொன்றைச் சொல்கிறது என்று இந்தப் பிளவைச் சுட்டிக்காட்டினார். துறையினர் இதை அறியாதவர்கள் அல்ல. 2016இல் வந்த ‘அன்சார்ட்டட் 4’இல் 1000 எதிரிகளை வீழ்த்தினால் ஒரு கோப்பை தருவார்கள். அந்தக் கோப்பையின் பெயர் ‘லூடோநேரட்டிவ் டிசனன்ஸ்’, அதாவது ஆட்டத்துக்கும் கதைக்கும் இடையிலான முரண். ஹாக்கிங் தன் விமர்சனத்துக்கு வைத்த பெயர் அது. குறையைக் கோப்பையாக்கி நகைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தீர்க்க முயன்றிருக்கலாம்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ முயன்றது. அதை நீங்கள் கொஞ்சம் மென்மையாக அணுகியிருக்கலாம். ஒருவனைக் கொன்றால் அவன் கூட்டாளி பெயர் சொல்லி அலறுவான். நாயகி எல்லி ஒரு மருத்துவமனையில் ஒருத்தியைச் சித்திரவதை செய்யும் இடத்தில் கேமரா எல்லியின் முகத்தில் நிற்க, பட்டனை நாமே அழுத்தியாக வேண்டும். அதன்பின் அவள் நடுங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். அந்த நடுக்கம் என்னைத் தொட்டது. ஆனால் அந்த மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அவள் கழுத்தறுத்தவர்களுக்காக ஒரு விரல்கூட நடுங்கவில்லையே என்ற கேள்வியும் கூடவே வந்தது. முயற்சி பெரிது, பிளவு மூடவில்லை.

‘செகிரோ’வில் கதை இல்லை என்று நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அங்கே செத்துப் பிழைப்பதுதான் கதை. நாயகனுக்கு அந்த ஆற்றலைக் கொடுத்தது அவன் காக்கும் சிறுவனின் ரத்தம். நீங்கள் திரும்பத் திரும்பச் சாகும்போது சுற்றியிருப்பவர்களை ‘டிராகன்ராட்’ என்ற நோய் பீடிக்கிறது, உங்களோடு பேசிப் பழகியவர்கள் இருமத் தொடங்குகிறார்கள். வேறு கேம்களில் சாவு என்பது ஒரு லோடிங் திரை. இங்கே உங்கள் சாவுக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். சாகாமை ஏன் சாபம் என்று அந்தச் சிறுவன் நினைக்கிறான் என்பதை எந்த வசனமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது. சண்டையும் அப்படித்தான். ஓடி ஒளிந்து எதிரியின் உயிரைக் குறைக்கப் பார்த்தால் அவன் நிலைகுலைவு மீண்டும் சரியாகிவிடும். முன்னால் நின்று, வாளோடு வாள் மோதி, அவன் தாளத்தைக் கற்றுக்கொண்டாக வேண்டும். கெனிச்சிரோ என்ற எதிரியிடம் தொடக்கத்தில் கை இழந்தவர், பின்னால் கோட்டை உச்சியில் அவனை எதிர்கொள்ளும்போது அவன் வாள்வீச்சு உங்களுக்குப் புரியும். உங்கள் திறமை வளர்ந்ததும் நாயகன் வளர்ந்ததும் ஒன்றாகிவிடுகிற அபூர்வமான இடம் அது. ஆனால் அந்த முதல் மோதலில் நீங்கள் திறமையாக ஆடி வென்றாலும் கை போகத்தான் செய்யும், கட்சீன் பார்த்துக்கொள்ளும். வென்ற வெற்றியைக் கட்சீனில் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் இந்தக் கேமையும் விடவில்லை.

‘கேமில் கதை தேடுவார்களா’ என்று கேட்கும் நண்பர்களுக்கு ஃபுமிட்டோ உவெதாவின் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ (2005) போதுமான பதில். பரந்த நிலம், ஒரு குதிரை, 16 பேருருக்கள். வழியில் வெட்டித்தள்ள வேறு எதிரிகளே இல்லை. இறந்துபோன பெண்ணை மீட்க ஒருவன் அவற்றைக் கொல்கிறான். வசனம் மிகச் சொற்பம். அவற்றில் சில நம்மைத் தாக்கக்கூட முனையாமல் தம் பாட்டில் இருப்பவை. ரோமத்தைப் பற்றிக்கொண்டு ஏறி, கை நழுவும் முன் வாளை இறக்க வேண்டும். அது சரியும்போது வெற்றி முழக்கம் வராது, துயர இசைதான் வரும். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் கருமை அவனுக்குள் புகுந்து, உருவம் சிதைந்துகொண்டே வருகிறது. தான் செய்வது சரிதானா என்று அவன் ஒருமுறையும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்பது நாம்தான், கேட்டுக்கொண்டே அடுத்ததைத் தேடிப் போகிறோம்.

எதிர்த்திசையில் ‘டிஸ்கோ எலிசியம்’ (2019). சண்டைக்கென்று தனி அமைப்பே கிடையாது, பேச்சும் பகடையும்தான். பிற்பகுதியில் ஒரு துப்பாக்கிச் சண்டை வருகிறது. அதுவும் உரையாடல் தேர்வுகளாகவே நடக்கிறது. அதுவரை நம்மோடு நடந்து வந்த துப்பறியும் கூட்டாளி கிம் அதில் குண்டடி பட்டு வீழக்கூடும். மற்ற கேம்களில் சுட்ட ஆயிரம் குண்டுகள் எனக்கு நினைவில்லை, அந்தச் சில குண்டுகள் நினைவிருக்கின்றன.

எனவே ‘காட் ஆஃப் வார்’ அலுத்துவிட்டால் கட்டாயப்படுத்தி முடிக்காதீர்கள். விருதுக்கு நீங்கள் கடன்பட்டவர் அல்ல. ‘செகிரோ’வை மட்டும் இன்னொரு முறை எடுங்கள், கோட்டை உச்சிச் சண்டை வரையாவது போய்விட்டு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று விரிவாகவே எழுதுங்கள். வெளியிடுகிறேன்.

அன்புடன்.