டாட்டா 2515 லாரிக்கு பழைய கம்மின்ஸ் எஞ்சின்: பணம் கொடுக்கும் முன்

வணக்கம் சகோ. எஞ்சின் சீஸ் ஆகி (இறுகிச் சுத்தாம) வண்டி நிக்குது, கையில ஒன்றரை லட்சம்தான்னு எழுதியிருந்தீங்க. படிக்கவே கஷ்டமா இருந்துச்சு.

உங்க வண்டியில இருந்த அதே கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் எஞ்சினையே தேடுங்க. வேற எஞ்சினுக்கு மாறினா மவுண்டிங், கிளட்ச்னு செலவு இழுத்துட்டே போகும்.

முக்கியமா போரை, அதாவது பிஸ்டன் ஓடுற துளையைப் பாருங்க. லேலண்டு ஹினோ எஞ்சின்ல இருக்கற மாதிரி இதுல லைனர் (துளைக்குள்ள போடுற தனிக்குழாய்) கிடையாது, பிஸ்டன் நேரா பிளாக்குலயே ஓடும். ஸ்டாண்டர்டு போர் 102 மி.மீ. ஏற்கெனவே துளையைக் கடைஞ்சு பெரிசாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட பிளாக்னா விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம்.

ஓடவிட்டுக் காட்டாத எஞ்சினை வாங்காதீங்க. போனதும் பிளாக்கைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஆறும் வரை உக்காருங்க, ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் உண்மை தெரியும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்க. புகை குபுகுபுன்னு அடிச்சா பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டி கேஸ் கீழ கசியுது, பிஸ்டன் ரிங் போச்சு. நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுது. ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கும்.

எஞ்சின் நம்பர் தேய்ச்சிருந்தா உடனே கிளம்பிடுங்க. பில் இல்லாம ஆர்டிஓவுல ஆர்சி புக்குல நம்பர் மாத்த முடியாது.

ஒன்றரை லட்சத்தையும் எஞ்சினுக்கே கொடுத்துடாதீங்க. பம்பு, நாசில் சர்வீஸுக்கு, ஆயிலுக்குன்னு கால்வாசி கையில இருக்கட்டும்.