ஓவனுக்குள் கேக் கசிந்து தீப்பற்றிவிட்டது: கரியை எப்படி எடுப்பது, திரும்பப் பாவிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: கேக் தட்டிலிருந்து பட்டர் கசிந்து ஓவனுக்குள் நெருப்பு எழுந்தது, தானாக அணைந்துவிட்டது. இப்போது உள்ளே எல்லாம் கரி, புகை மணம் போகவில்லை, இனி அதைப் பாவிக்கலாமா என்பது. அச்சொட்டாக இதே விபத்து என் குசினியில் நடந்தது. அதனால் நடந்ததைச் சொல்லி, அதன் வழியே பதில் தருகிறேன்.

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் இருக்கிறோம். நத்தார் காலத்தில் தெரிந்தவர்களுக்கு லவ் கேக் செய்து கொடுப்பேன். ரவை, கஜு, பட்டர், நிறைய மஞ்சட்கரு என்று கனத்த கலவை. குறைந்த சூட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேக வேண்டும். அன்று சதுரத் தட்டுகள் எல்லாம் நிறைந்துவிட்டதால், அடி தனியாகக் கழலும் வட்டத் தட்டு ஒன்றை எடுத்தேன். அப்படிப்பட்ட தட்டின் அடிக்கும் விளிம்புக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். கலவை அதில் நிற்கும், உருகிய பட்டர் நிற்காது. அது சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள சூடாக்கும் கம்பியில் விழுந்தது. முதலில் நீலப் புகை, பிறகு விரல் உயரத்துக்கு மஞ்சள் சுவாலை.

மாமி செம்பில் தண்ணீருடன் ஓடி வந்தார். "தண்ணீர் வேண்டாம் மாமி, கதவையும் திறக்காதீர்கள்" என்று கத்தினேன். என் அப்பா விறகுப் போறணையில் பாண் சுட்டவர். உள்ளே நெருப்பு கொழுந்துவிடும்போது இரும்புக் கதவைச் சடாரென்று திறந்தால் அது ஆளின் முகத்துக்கே வரும் என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். மேசையில் வைக்கும் மின்சார ஓவனுக்கும் அதே கதைதான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று தீர்ந்ததும் நெருப்பு சாகும். கதவைத் திறந்தால் அதற்கு நாமே காற்றுக் கொடுக்கிறோம். எரியும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் கணத்தில் ஆவியாகிக் கொழுப்பை நாலா பக்கமும் வீசும். மின்சாரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். சில நிமிடங்களில் அடங்கியது. அடங்காமல் நெருப்பு வெளியே வந்திருந்தால் எல்லோரும் வெளியேறித் தீயணைப்புச் சேவையை 110இல் அழைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பலரும் பிழை விடுகிறார்கள். அணைந்தது என்றதும் ஈரத் துணியோடு பாய்வார்கள். சூடான கண்ணாடிக் கதவில் குளிர்ந்த துணி பட்டால் அது வெடித்துச் சிதறக்கூடும். நான் இரண்டு மணித்தியாலம் தொடவில்லை. ஜன்னல்களைத் திறந்து கடற்காற்றை உள்ளே விட்டேன், அவ்வளவுதான். கேக்கை எறிந்தேன். கருகிய கொழுப்பின் புகை இறங்கிய பண்டத்தை மேற்பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இனித் துப்புரவு. பிளக்கைக் கழற்றுங்கள். கம்பித் தட்டுகளை வெளியே எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுதண்ணீரில் சில மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஓவனுக்குள் உதிரும் கரியை மரக் கரண்டியால் மெதுவாகத் தட்டி எடுங்கள். பிறகு அரைக் கோப்பை அப்பச்சோடாவில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் குழைத்தால் தோசை மாவை விடக் கெட்டியான பசை வரும். அதை அடியிலும் சுவர்களிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் பூசுங்கள். சூடாக்கும் கம்பியில் மட்டும் படக்கூடாது. பூசியதும் தேய்க்க வேண்டாம், ஓர் இரவு முழுக்க விடுங்கள். அப்பச்சோடா மெல்லிய காரம். ஈரத்தோடு கிடந்து கரிப்பசையை மெல்ல மெல்ல இளக்கும். மறுநாள் காலை நான் பார்த்தபோது வெள்ளைப் பசை தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகியிருந்தது. விரல் நகத்துக்கு அசையாமல் ஒட்டியிருந்த கரி, ஈரத் துணியால் ஒரு தடவை இழுத்ததும் சேறு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

மிச்சமிருக்கும் வெள்ளைத் தூள் மேல், பாதி வினாகிரி பாதி தண்ணீர் நனைத்த துணியைப் போடுங்கள். நுரைத்து இளகும், துடைத்துவிடலாம். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்து பூசுவதில் பயனில்லை, ஒன்றின் காரத்தை மற்றதன் புளிப்பு முறித்துவிடும். மலசலகூடம் கழுவும் திரவங்கள், வெளிற்றும் திரவங்கள் எதையும் இதற்குள் கொண்டுவராதீர்கள். வெளிற்றும் திரவத்தோடு வினாகிரி சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

எங்கள் ஊருக்கென்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். எனாமல் பூச்சில் கீறல் விழுந்தால் உப்புக் காற்று அடிக்கும் வீட்டில் அந்தக் கீறலிலிருந்தே துரு பிடிக்கத் தொடங்கும். நாரின் துண்டுகள் மின்சாரப் பகுதிகளில் சிக்கினாலும் ஆபத்து. தேங்காய்த் தும்பு போதும்.

இன்னொரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன், ஓவனை அலுமாரியாக்கும் வீடுகள் நிறைய இருப்பதால். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் போனது. பாதி வெந்த பட்டர் கேக்கை எடுத்துவிட்டேன், ஆனால் நேரம் வைக்கும் திருகி, தானாக நிற்காமல் ஓவனை ஓடவிடும் நிலையில் இருந்ததை மறந்தேன். அதற்கிடையில் எங்கள் வீட்டில் யாரோ ஒரு பிளாஸ்டிக் மூடியை உள்ளே வைத்துவிட்டார்கள். மின்சாரம் திரும்பியதும் ஓவன் தானாகச் சூடாகியது. உருகிய பிளாஸ்டிக்கைச் சூட்டோடு துடைத்தால் பரவும். ஆறவிட்டு, பையில் கட்டிய பனிக்கட்டியை அதன்மேல் அரை மணித்தியாலம் வைத்தேன். விறைத்து நொறுங்கும் பதம் வந்ததும் மரக் கரண்டியின் காம்பால் நெம்ப, சில்லுச் சில்லாகக் கழன்றது. மின்வெட்டு என்றால் இப்போது முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதுதான்.

கை சுட்டிருந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம்.

திரும்பப் பாவிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சூடாக்கும் கம்பியை வெளிச்சத்தில் பாருங்கள். கொப்பளம், வெடிப்பு, புடைப்பு எதுவும் இருந்தால் கம்பியை மாற்றாமல் பாவிக்க வேண்டாம். கம்பி உறைக்குள் இருக்கும் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் ஈரத்தை உறிஞ்சும். அதனால் கழுவிய அன்றே போடாமல், கதவைத் திறந்துவைத்து ஒரு முழு நாள் உலரவிடுங்கள். போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காமல் மின்சார வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். விழாவிட்டால், ஜன்னல்களைத் திறந்து, வெறும் ஓவனை 180 பாகையில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கொஞ்சம் புகை வரும். பிறகு தேசிக்காய்த் தோல் போட்ட தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வைத்து 120 பாகையில் அரை மணித்தியாலம். மணம் அதற்கும் போகாவிட்டால் எங்கோ கரி மிச்சமிருக்கிறது, பெரும்பாலும் கதவின் றப்பர் மடிப்பில்.

என் ஓவன் மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பியது. அந்த வட்டத் தட்டை எறியவில்லை. பட்டர் கலவை ஊற்றும்போது கசிவதைப் பிடிக்க அதன் கீழே உள்ள கம்பித் தட்டில் ஒரு தகரத் தட்டை வைக்கிறேன். ஓவனின் அடியில் அலுமினியத் தாள் விரிப்பதில்லை, அது சூட்டைத் தடுக்கும், எனாமலில் ஒட்டியும் விடும்.